பங்கிலான் என்ற பெயருக்கு ஓர் ஆள்

மனாங் லுமின், அதாவது லுமின் அக்கா, எங்கள் சந்தை முனையில் எம்பனாடா பொரிப்பவர். பப்பாளித் துருவலும் முட்டையும் வைத்து மடித்த அந்தப் பலகாரத்தை அவரிடம் வாங்கித் தின்னாமல் எந்தக் கட்சிக்காரரும் பிரசாரத்துக்குக் கிளம்பியதில்லை. கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. அவர் விட்டுப்போனவை ஒரு மகனும் ஒரு குடும்பப் பெயரும். மகன் எல்மர் மேயரின் வண்டியை ஓட்டுகிறான். பெயர் பங்கிலான்.

பதவி ஆசையில் லுமின் மாட்டிக்கொண்டார் என்று இப்போது சிலர் பேசுகிறார்கள். அது பொய். நடந்தது இதுதான்.

மணிலாவில் இருக்கும் நாடாளுமன்றத்துக்கு எங்கள் தொகுதியில் நின்ற ரமீரோ பங்கிலான், லுமினின் கணவருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பணக்கார வீடு. அங்கே விருந்து என்றால் லுமினைக் கூப்பிடுவார்கள், அடுப்படிக்கு. வாக்குப்பதிவுக்கு முந்தைய வாரம் மேடையில் பேசிக்கொண்டிருந்த ரமீரோ அப்படியே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது. மாரடைப்பு என்றார்கள்.

மறுநாள் காலை மேயர் தெல்மோ கடைக்கு வந்தார்.

"மனாங், அடுப்பை அணைச்சிட்டு கொஞ்சம் உக்காருங்க."

"எண்ணெய் காஞ்சு நிக்குது மேயர். நின்னுக்கிட்டே கேக்குறேன்."

"ஓட்டுச்சீட்டெல்லாம் அச்சடிச்சாச்சு. இனிமே அவருக்குப் பதிலா அதே குடும்பப் பேர் உள்ளவங்கதான் நிக்க முடியும். பங்கிலானுக்கு விழுற ஓட்டு பூரா உங்களுக்குத்தான்."

"அவர் பொண்டாட்டி இருக்காங்க. தம்பி இருக்காரு."

"அவங்கல்லாம் துக்கத்துல இருக்காங்க."

"தம்பி ராத்திரியே அமெரிக்காவுக்குப் பறந்துட்டாராமே. துக்கத்துக்கு அவ்வளவு தூரமா போவாங்க?"

மேயர் சிரித்தார். "எல்மர் எனக்குப் பிள்ளை மாதிரி. உங்களுக்கு ஒரு குறை வர விடுவேனா?"

லுமின் அடுப்பை அணைத்தார். மேயர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

மீன்கடை பிதோங் மட்டும் கிண்டல் செய்தான். "மாண்புமிகு மனாங், இனிமே ரெண்டு முட்டை வைப்பீங்களா?"

"உனக்கு மட்டும் கருகினதுதான்டா."

மத்தியானம் லுமின் துக்கம் கேட்க ரமீரோவின் வீட்டுக்குப் போனார். கூடத்தில் சவப்பெட்டி. அதன் கண்ணாடி மேல் ஒரு மஞ்சள் கோழிக்குஞ்சு அரிசியைக் கொத்திக்கொண்டிருந்தது. லுமின் வாசலிலேயே நின்றுவிட்டார். நோயில் இறந்தவர் பெட்டிமேல் எங்கள் பக்கம் யாரும் குஞ்சு விடமாட்டார்கள். கொலை செய்தவனின் மனசாட்சியைக் கொத்தத்தான் விடுவார்கள்.

ரமீரோவின் மனைவி கிறிசெல்தா பெட்டியருகே உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, இதை யாரு விட்டது?"

"நான்தான்."

"மாரடைப்புன்னாங்களே."

"எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க. சொல்லிட்டு, என்னையே நிக்கச் சொன்னாங்க." கிறிசெல்தா குஞ்சிடமிருந்து பார்வையை எடுக்கவில்லை. "நீ ஒத்துக்கிட்டியாமே."

மேயர் முற்றத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். லுமின் நேரே அவரிடம் போனார்.

"நான் நிக்கல. வேற ஆள் பாருங்க."

"அதுக்கென்ன மனாங். உங்க தாள் இன்னும் என் பையிலதான் இருக்கு, கிழிச்சுடலாம்." ஒரு வாய் காப்பி குடித்தார். "எல்மரும் பங்கிலான்தானே. தேர்தல்ல நிக்கிற வயசும் ஆயிடுச்சு. அவனைக் கேட்டா மாட்டேன்னு சொல்லமாட்டான்."

எல்மர் வெளியே மேயரின் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். லுமின் அவனையே பார்த்தார்.

"கிழிக்க வேணாம்," என்றார். "ஆனா அவன் இன்னைக்கே பாகியோவுக்கு, அவன் அத்தை வீட்டுக்குப் போகணும்."

"தாராளமா."

பேருந்து நிலையத்தில் எல்மர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "நீ ஜெயிக்கிறதை நான் பாக்கக் கூடாதாம்மா?"

"டிவில பாரு. உன் பேர் என்னன்னு அங்க யார் கேட்டாலும் அத்தை வீட்டுப் பேரைச் சொல்லு."

"ஏன்?"

"சொல்லுன்னா சொல்லு."

மறுநாள் ஊர்வலம். புதுப் படம் அச்சடிக்க நேரமில்லாததால் லாரியைச் சுற்றிலும் ரமீரோவின் முகமே இருந்தது. நடுவில் லுமின். நாங்கள் சாலையின் இருபுறமும் நின்று கையசைத்தோம். லாரிக்குப் பின்னால் மோட்டார்சைக்கிள்கள் வந்தன, ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். எங்கள் மாகாணத்தில் ஆதரவாளர்களும் அப்படித்தான் வருவார்கள், சுட வருகிறவர்களும் அப்படித்தான் வருவார்கள். கையசைத்தபடியே எல்லாரும் அவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மனாங் லுமின் பின்னால் திரும்பவில்லை. முன்னிருக்கையில் வண்டியோட்டுவது யார் என்று குனிந்து பார்த்தார். எல்மர் இல்லை. நிமிர்ந்து, எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.