சர்வர் அறைக் கதவில் என் மகள்

என் மகள் அடி வாங்கிய கதையை நான் சிரித்துக்கொண்டே சொல்வதாகத் தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. உண்மைதான். பெற்றவள் சிரிக்கலாமா என்கிறார்கள். அன்றைக்கு நடந்த கூத்தைப் பார்த்திருந்தால் அவர்களும் சிரித்திருப்பார்கள். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுகிறாள். நடுவில் அவள் எதையாவது விட்டுவிட்டால் அது என் குற்றமில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே கம்ப்யூட்டர் பிரிவுக்கு என் மகள்தான் தலைமை. சும்மா வந்த பதவி இல்லை. முதலில் வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்கள் பேரை அடித்துக்கொண்டிருந்தாள். பிறகு தபாலில் படித்தாள், பிள்ளை பெற்றாள், மறுபடியும் படித்தாள். இப்போது அவளுக்குக் கீழே ஆட்கள். ஆனால் திட்டு மட்டும் மேலேயிருந்தும் வரும், கீழேயிருந்தும் வரும். கரண்ட் போனால் அவள், நெட் போனால் அவள், மாத்திரை வரத் தாமதமானாலும் அவள். ஒரு பெரிய டாக்டர், "நான் வைத்தியம் பாக்க வந்தேனா, டைப்படிக்க வந்தேனா?" என்று மருந்துச்சீட்டைக் கிறுக்கி அவள் மேஜையில் எறிந்துவிட்டுப் போவார். இவள் பின்னாலேயே போய், சண்டை போட்டு, அவர் கையாலேயே அடிக்க வைப்பாள். இதைப் பார்க்கிற சந்தோஷத்துக்காகவே மத்தியானச் சோறு கொண்டுபோகிற வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. சர்வர் அறை வாசலில் எனக்கென்று ஒரு நாற்காலி. கதவிடுக்கு வழியாகக் குளிர் வந்து காலில் படும். முழங்காலுக்கு அது ஆகாது, ஆனாலும் உட்கார்ந்திருப்பேன். யாருக்கு என்ன மருந்து, எத்தனை மணிக்கு, எந்த வகை ரத்தம், எல்லாம் அந்த அறைக்குள் இருக்கிற எந்திரத்தில்தான் இருக்கிறது.

நம் ஜனங்கள் ஆஸ்பத்திரி அட்டையைத் தொலைத்துவிட்டு, வருகிற தடவையெல்லாம் புதிதாகப் பதிவார்கள். ஒரே ஆளுக்கு நாலு நம்பர் ஆகிவிடும். அதனால் பேர், தகப்பன் பேர், ஊர், வயசு, போன், ஐந்தும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று சேர்த்துவிடும்படி மகள் உத்தரவு போட்டாள். களக்காட்டுப் பக்கம் இது சரிப்படுமா? நான் பிறந்தது அங்கேதான். ஊர்ச் சாமி பேரைத்தான் வீட்டுக்கு வீடு மூத்தவனுக்கு வைப்பார்கள். அவன் அப்பனுக்கும் அதே பேர்தான். கோயில் கொடை நடக்கும்போது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் பந்தலில் பாதி ஆம்பிளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். வயசு கேட்டால் எல்லாருமே "ஒரு அம்பது இருக்கும்" என்பார்கள். போன் கேட்டால், ஆள் ஏற்றி வந்த வேன்காரர் தன் நம்பரையே எல்லாருக்கும் கொடுத்துவிடுவார். இவள் என்னிடம் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

அப்படி ஒரே ஊர்க்காரர் இரண்டு பேர், பார்க்க ஆள் விடாத தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார்கள். ஒருவரை வாழைத்தோட்டத்தில் விரியன் கடித்திருந்தது. இன்னொருவருக்கு நெஞ்சுவலி. கம்ப்யூட்டரில் இரண்டு பேரும் ஒரே ஆளாகிவிட்டார்கள். காலையில் நெஞ்சுவலிக்காரர் இறந்துபோனார். வாசலில் பேர் பதிகிற பெண் வேன்காரருக்குப் போன் போட்டு, உறவினர் என்று கம்ப்யூட்டர் காட்டிய ஆளிடம் தகவல் சொல்லச் சொன்னாள். அந்த ஆள் பாம்பு கடித்தவரின் தம்பி.

பிழைத்துக்கொண்டார் என்று முந்தின நாள் டாக்டர் சொன்ன அண்ணன் மறுநாள் செத்துவிட்டான் என்றால் தம்பி சும்மா இருப்பானா? மத்தியானம் நான் தூக்குச்சட்டியோடு சர்வர் அறை வாசலில் உட்கார்ந்திருந்தபோது இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

"எங்கண்ணனக் கொன்னது எவம்ல?"

முதலில் இந்தச் சத்தம். அடுத்து வாசல் கண்ணாடி நொறுங்கிய சத்தம். காவலாளியின் கம்பைப் பிடுங்கி அவர் மண்டையிலேயே போட்டார்கள். மேஜைக்கு அடியில் ஒளிந்த பெண்ணை முடியைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். அவள் அழுதுகொண்டே, "கம்ப்யூட்டர்ல அப்படித்தாண்ணே இருக்கு" என்றாள்.

"அப்ப அந்தக் கம்ப்யூட்டர ஒடைங்கலே!"

படியேறி வந்துவிட்டார்கள். மகள் சர்வர் அறையைப் பூட்டி, திறக்கிற அட்டையை ஜாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு, கதவில் முதுகை வைத்து நின்றாள்.

"வழிய விடுளா."

"விடமாட்டேன் அண்ணாச்சி. இது ஒடஞ்சா மேல கெடக்கவுங்களுக்கு என்ன மருந்துன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

"எங்கண்ணனே போயிட்டான். எவன் கெடந்தா எனக்கென்ன?"

தீயணைக்கிற சிவப்பு உருளையைத் தூக்கிக் கதவில் ஓங்கினான் ஒருவன். இவள் கையைக் குறுக்கே கொடுத்தாள். விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை, தூக்குச்சட்டியைச் சுழற்றி அவன் மூஞ்சியில் போட்டேன். மூடி பறந்தது.

"ஐயோ, கெழவி ஆசிட்ட ஊத்திட்டா!"

"சொதிலே அது! தேங்காப்பால் சொதி!"

இதைச் சொல்லும்போதுதான் தெருவில் நான் சிரிப்பது. அப்போது சிரிக்கவில்லை. இன்னொருவன் என் இடுப்பில் மிதித்தான், சுவரோரம் போய் விழுந்தேன். தம்பிக்காரன் ஊரிலிருந்தே கொண்டுவந்த அரிவாளை ஓங்கிவிட்டான். மகள் நகரவில்லை.

"அண்ணாச்சி, உங்கண்ணனுக்கு என்ன வந்து சேத்தீங்க?"

"பாம்புலா கடிச்சுது! அதுகூடத் தெரியாம என்ன ஆஸ்பத்திரிட்டி நடத்துதிய?"

காலையில் போனவர் நெஞ்சுவலிக்காரர் என்று அவளுக்குத் தெரியும்.

"உங்கண்ணன் சாகல. எங்கூட வாங்க."

"பொய் சொல்லுதா!"

"பொய்யின்னா அங்கன வச்சி வெட்டுங்க."

முறிந்த கையைத் தொங்கவிட்டபடி முன்னால் போனாள். பின்னாலேயே அரிவாள். கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏலே, ஆஸ்பத்திரிக்குள்ள எதுக்குல அருவாளோட வந்து நிக்க?"

தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். போலீஸ் வந்து பிடித்தபோதும் அண்ணன் காலை விடவில்லை.

ஆஸ்பத்திரி மேலாளர் மகளிடம் தனியாகப் பேச வந்தார். அவளுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்ததால் நானும் அங்கேதான் இருந்தேன்.

"சிஸ்டம் கோளாறுன்னு சொல்லிருவோம்மா. இல்ல, வாசல்ல இருக்க பொண்ணு தப்பாப் படிச்சிட்டான்னு எழுதிக் குடுத்துருங்க."

"அவ இருந்ததத்தான் சார் படிச்சா. சேக்கச் சொன்னது நான்."

நிஜமாகவே இறந்தவரின் மனைவி கீழேதான் இருந்தாள். அத்தனை பேர் அடித்து நொறுக்கியபோதும் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தாளே தவிர வெளியே ஓடவில்லை. காலையில் விசாரித்தபோது, "நல்லா இருக்காவ, கஞ்சி குடிக்காவ" என்று யாரோ கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். மகள் அவள் முன்னால் கண்ணாடித் தூளிலேயே உட்கார்ந்தாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. சொல்லிவிட்டு மேலே கூட்டிப்போனாள். நானும் நொண்டிக்கொண்டே போனேன்.

துணியை விலக்கி, "இவுகதானாக்கா?" என்று கேட்டாள்.

அந்த அம்மாள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "இவுகதான்" என்றாள். பிறகு திரும்பி என் மகளுக்கு ஓங்கி ஒரு அறை விட்டாள். இன்னொரு அறை. மூன்றாவது அறையில் உதடு கிழிந்தது. நான் குறுக்கே போனேன்.

"எம்மா, நீ சும்மா இரி" என்றாள் மகள், கன்னத்தைக்கூடத் தொடாமல்.

வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். போகவில்லை. ஒற்றைக் கையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். சேர்த்த பேர்களை ஒவ்வொன்றாகத் திறப்பதும், ஊருக்குப் போன் போட்டு, "இது எந்த வீட்டு ஆளு, என்னத்துக்கு வந்தாவ?" என்று கேட்பதுமாக இருந்தாள். நான் கேன்டீனில் வாங்கிய சோற்றைப் பிசைந்து பக்கத்தில் நின்றேன்.

"ஒரு வாய் தின்னுட்டுப் பாரேன் ஏட்டி."

"வையி எம்மா. இன்னும் எத்தன பேர ஒருத்தனாக்கி வச்சிருக்கேனோ" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.