தம்பி பெயரில் ஓடிய வேலை

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. 'பூட்டு அக்கா' என்றால் வாசல் காவலாளி வரைக்கும் தெரியும். பாஸ்வேர்டை எழுதிக் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருப்பவர்கள், அவள் செருப்புச் சத்தம் கேட்டதுமே பரபரவென்று கிழித்து, வாயில் போட்டு முழுங்காத குறையாக மறைப்பார்கள். பதினெட்டு வருடமாக அங்கிருந்த சர்வர்கள் அத்தனையும் அவள் பொறுப்பு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள் என்று சொல்வார்கள். பார்க்கத்தான் செய்தாள். அதனால்தான் நடந்ததை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மற்றவர்கள் காலையில் பேப்பர் படிக்கிற மாதிரி அவள் சர்வரின் பதிவைப் படிப்பாள். யார், எத்தனை மணிக்கு, எந்த இடத்திலிருந்து உள்ளே வந்தார்கள் என்று அதில் வரிவரியாக இருக்கும். ஆடிட் நெருக்கடியில் ஒரு வாரமாக அதைத் திறக்கவே நேரமில்லை. அன்று செவ்வாய்க்கிழமை. டீ இன்னும் ஆறவில்லை. முந்தின நாள் காலை ஒன்பது பன்னிரண்டுக்கு உள்ளே வந்தவர் பெயரைப் பார்த்ததும் கையிலிருந்த கப்பைக் கீழே வைத்துவிட்டாள்.

அது அவள் தம்பியின் பெயர்.

ஐந்து வாரம் முன்புவரை தம்பியும் அதே அறையில்தான் வேலை பார்த்தான். அவள்தான் சேர்த்துவிட்டாள். மகா கெட்டிக்காரன், ஆனால் நாக்கு மட்டும் அவன் பேச்சைக் கேட்காது. மீட்டிங்கில் பத்துப் பேர் முன்னால் பெரிய டாக்டரைப் பார்த்து, "உங்களுக்கு மவுஸ் புடிக்கவே ஒரு ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டான். சாயங்காலத்துக்குள் வேலை போயிற்று. அவனுடைய அக்கவுண்டை மூடும் வேலை அக்கா தலையில் விழுந்தது.

அதை அடியோடு அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை. ரத்த வங்கியின் ஃப்ரிட்ஜைக் காவல் காக்கும் புரோகிராமை எழுதியவன் அவன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது வெப்பநிலையை எடுத்து எழுதி வைக்கும். ஏறினால் ரத்த வங்கியின் போனில் அலாரம் அலறும். அது அவன் அக்கவுண்டில்தான் ஓடியது. அக்கவுண்டை அழித்தால் அதுவும் நின்றுவிடும். இப்படிப் போனவர்கள் பெயரில் ஓடும் வேலைகள் அங்கே ஏற்கெனவே நாலைந்து உண்டு, அது அந்த ஆபீஸ் வழக்கம். ஆகவே பாஸ்வேர்டை மட்டும் பூட்டிவிட்டு, "மூடியாச்சு சார்" என்று பெரிய டாக்டரிடம் சொன்னாள். கோபம் ஆறினால் தம்பியைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்ற நப்பாசையும் அவளுக்கு இருந்தது.

ஆனால் பாஸ்வேர்ட் இல்லாமலும் உள்ளே வரலாம். லேப்டாப்பில் சாவி மாதிரி ஒரு ஃபைல், அதன் ஜோடி சர்வரில். இரண்டும் பொருந்தினால் கதவு திறக்கும், பாஸ்வேர்டை யாரும் கேட்பதில்லை. ஊருக்கெல்லாம் இதைப் பாடம் எடுப்பவளே அவள்தான். அன்று மறந்தாளா, மறக்க நினைத்தாளா, அது அவளுக்குத்தான் வெளிச்சம்.

வந்த இடத்தைப் பார்த்தாள். அவள் வீட்டு இன்டர்நெட்டின் எண். வேலை போனதிலிருந்து தம்பி அவள் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறான். எட்டரைக்கு அவள் கிளம்புவாள், ஒன்பதுக்கு அவள் கணவர் கிளம்புவார். அதற்கப்புறம் வீட்டில் அவன் மட்டும்தான்.

பின்னோக்கிப் போனாள். போன வாரம் திங்கட்கிழமை தொடங்கி, வேலை நாள் தவறாமல் இரண்டு நிமிடம் வந்து போயிருக்கிறான். என்னென்ன செய்தான் என்று பார்க்கப் போனால், தட்டிய கட்டளைகள் பதிவாகும் ஃபைலைத் துடைத்து வைத்திருந்தான். சும்மா வந்து போகிறவன் எதற்குத் துடைக்க வேண்டும்? நோயாளிகளின் ஃபைல்கள் அப்படியே இருந்தன. புதிய அக்கவுண்ட் எதுவும் முளைக்கவில்லை. ஒரு மணி நேரம் தேடி, பாதி மூச்சு விட்ட பிறகுதான் எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்ற பட்டியலைத் திறந்தாள். ஒரே ஒரு வரியின் தொடக்கத்தில் ஒரு சின்னக் குறி இருந்தது. இந்த வரியை ஓட்டாதே என்று அர்த்தம். ஃப்ரிட்ஜ் வரி. மாற்றிய தேதி, போன வாரம் திங்கள்.

படியிறங்கி ஓடினாள்.

"என்னக்கா, ஓட்டப் பந்தயமா?" என்று சிரித்தாள் ரத்த வங்கி டெக்னீஷியன்.

"ஃப்ரிட்ஜ் எத்தனை டிகிரி?"

"அலாரம் ஒண்ணும் அடிக்கலயே. நல்லாத்தான் இருக்கும்."

ஃப்ரிட்ஜ் கதவில் வெப்பநிலை காட்டும் சின்னத் திரையின் மேல் ஒரு காலண்டர் தொங்கியது. போனில் அலாரம் வர ஆரம்பித்ததிலிருந்து அந்தத் திரையை ஒருத்தரும் சட்டை செய்வதில்லை. காலண்டரைத் தூக்கினாள். ஆறைத் தாண்டக் கூடாது, தாண்டினால் பையிலிருக்கும் ரத்தத்தில் கிருமி வளரும். பதினொன்று இருந்தது.

டெக்னீஷியன் முகத்தில் ஈயாடவில்லை. "எப்பலருந்து?"

அதைச் சொல்ல ஆள் இல்லை. எழுதி வைக்க வேண்டிய புரோகிராமே எட்டு நாளாக ஓடவில்லை.

"இந்த எட்டு நாள்ல எத்தனை பை ரத்தம் போயிருக்கு?"

டெக்னீஷியன் நோட்டைப் புரட்டினாள். "பதினாலு. ஆளுக்கு ஒண்ணு."

அக்கா வராந்தாவுக்கு வந்து தம்பிக்குப் போன் போட்டாள்.

"நீயாடா அத நிறுத்துன?"

டிவி சத்தத்தைக் குறைத்தான். "அலாரம் நின்னுடுச்சுன்னு தெரிஞ்சா பதறிப்போய் என்னத்தான் கூப்பிடுவாங்கன்னு நெனச்சேன்கா. நான் எழுதுனது வேற யாருக்குப் புரியும்? கண்டுபிடிச்சிட்டாங்களான்னு தெனம் வந்து பாத்தேன். ஒருத்தரும் கண்டுக்கல."

"ஃப்ரிட்ஜ் பதினொண்ணுல நிக்குதுடா. பதினாலு பேருக்கு ஏத்தியாச்சு."

"ஐயோ. அக்கா, சத்தியமா ஃப்ரிட்ஜ நான் ஒண்ணும் பண்ணலக்கா. அது தானா கெட்டிருக்கு." அது உண்மைதான். அவன் காவலைத்தான் நிறுத்தினான். "அந்த வரியச் சரி பண்ணிட்டு, பதிவ மட்டும் அழிச்சிடுக்கா. உனக்கு அரை நிமிஷ வேலை. என்ன ஜெயில்ல போட்டுடுவாங்கக்கா."

அரை நிமிடம்கூட ஆகாது. அழித்துவிட்டால் ஃப்ரிட்ஜ் இன்று காலைதான் கெட்டது என்று ஆகிவிடும். அந்தப் பதினாலு பேரையும் யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள். முன்னறையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கும் தம்பியை நினைத்தாள். அவளுக்கு அழுகை வந்தது. போனை வைத்தாள்.

பதிவை அச்செடுத்து, பெயர்ப் பட்டியலோடு பெரிய டாக்டர் மேஜையில் வைத்தாள்.

"யார் பண்ணது?"

"என் தம்பி சார். மூடியாச்சுன்னு உங்ககிட்ட பொய் சொன்னது நான்."

கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தாமல் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் எழுந்ததுதான் பயமாக இருந்தது. "வாங்க" என்றார்.

பட்டியலில் முதல் பெயர் இரண்டாவது மாடியில், ஜன்னலோரக் கட்டிலில் இருந்தது. நேற்றுச் சாயங்காலம் ரத்தம் ஏற்றிய பெண். ஜன்னல் வழியாக வெயில் அவள் மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. முழங்காலை வயிற்றோடு சேர்த்துச் சுருண்டு படுத்திருந்தவள், அக்காவின் அடையாள அட்டையைப் பார்த்து நர்ஸ் என்று நினைத்துக்கொண்டாள்.

"சிஸ்டர், இன்னொரு போர்வை கிடைக்குமா? ராத்திரிலருந்து குளிரு நிக்கவே மாட்டேங்குது."