கயிற்றுக்கு அடியில் போன ஓட்டக்காரன்

திருத்தணியில் என்னைப் போல ஓடியவன் எனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இதை நானே சொல்லக் கூடாதுதான். ஆனால் கூட ஓடியவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வேறு யார் சொல்வது? ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இன்றைக்கு முப்பது பவர்லூம் என் பெயரில் ஓடுகிறது. நான் உள்ளே நுழைந்தால் பேங்க் மேனேஜர் எழுந்து நாற்காலி போடுகிறார். அப்படிப்பட்டவன் ஒரு பந்தயத்தில் கோட்டை விட்டதை உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால், மனசு இன்னும் அடங்கவில்லை என்றுதானே அர்த்தம்.

யுத்த காலம் அது. அம்மையார்குப்பத்திலிருந்து பிழைக்க வந்து, திருத்தணி மலையடியில் தறி போட்ட குடும்பம் எங்களுடையது. எனக்குக் கால் சும்மா இருக்காது. சாப்பிடும்போதுகூட முட்டி ஆடும். மலைப்படி முன்னூற்றறுபத்தைந்தையும் ஒரே மூச்சில் ஏறி, சாமியைப் பார்க்காமலே இறங்கி வருவேன். சாமிக்கு நேரமிருந்தது, எனக்கு இல்லை.

இதை எங்கள் டிரில் மாஸ்டர் பார்த்துவிட்டார். தாலுக்கா பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பந்தயம் வைக்கப் போகிறார்கள் என்றார். ஏரிக்கரையைச் சுற்றி, கொல்லைமேட்டில் ஏறி இறங்கி, வழியில் வாய்க்கால், கட்டை எல்லாவற்றையும் தாண்டி மைதானத்துக்கு வரவேண்டும். முதலில் வருகிறவன் சித்தூருக்கு, ஜில்லாப் பந்தயத்துக்குப் போவான். அப்போது நாங்கள் சித்தூர் ஜில்லா.

வீட்டில் சொன்னேன். நைனா, என் அப்பா, தறிக்குழியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒரு தறி ஆளில்லாமல் கிடந்தது; அந்த மாதமே என் படிப்பை நிறுத்துவதாக இருந்தார்.

"சித்தூர் போனா படி. போவலைனா திங்கக்கெழம தறியில உக்காரு. நடுவுல பேச்சு கெடையாது."

பக்கத்துத் தறியில் இருந்த பாவா, என் அக்கா புருஷன், சிரித்தார். "இவன் ஓடிகினேதான் நெய்வான் மாமா. தறியைத்தான் கயிறு போட்டுக் கட்டணும்."

அன்றிலிருந்து விடியலில் ஏரிக்கரை. மாஸ்டர் சைக்கிளில் கூடவே வருவார். பனங்கட்டைகளைப் போட்டு வைத்துத் தாண்டச் சொல்வார். கட்டை என்ன, ஆட்டுப்பட்டி வேலியையே தாண்டினேன்.

ஓடிவிட்டுத் திரும்பும்போது எங்கள் தெருவில் பாவு இழுத்துக் கட்டியிருப்பார்கள். தெரு நீளத்துக்கு நூலை விரித்து, கவைக்கம்புகளில் நிறுத்தி, கஞ்சி பூசிக் காயவிடுவது. எதிர்வீட்டுக்குப் போக வேண்டுமானால் அதன் அடியில் குனிந்துதான் போகவேண்டும். மேலே தாண்டக் கூடாது. நூல் அறும் என்பதற்காக மட்டும் இல்லை. சோறு போடுகிற நூலின் மேல் கால் போகலாமா? ஐந்து வயதில் ஒருமுறை தாண்டினேன். நைனா என்னை அடித்தது அந்த ஒரே தடவைதான். பிறகு ஓடுகிற வேகம் குறையாமல் அடியில் புகுந்து போகப் பழகிவிட்டேன். தலைமுடிகூட நூலில் படாது. அதிலும் என்னை மிஞ்ச ஆளில்லை.

பந்தயத்தன்று ஏரிக்கரை முடிவதற்குள் பாதிப் பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். வாய்க்காலைத் தாண்டினேன். கட்டைகளைத் தாண்டினேன். மைதானத்துக்குள் நுழைந்தபோது பின்னால் காலடிச் சத்தமே இல்லை. முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால், பந்தயம் பார்க்க வந்த தாசில்தார் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று, கட்டைக்குப் பதிலாக வெள்ளை நூல்கயிற்றைக் குறுக்கே இழுத்துக் கட்டியிருந்தார் மாஸ்டர். இடுப்பு உயரம். காற்றில் லேசாக ஆடியது.

அதன் அடியில் புகுந்து போனேன்.

செய்தது எனக்கே தெரியாது. கோட்டைத் தொட்டுக் கையைத் தூக்கினேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"டேய், எகிறிக் குதின்னா பூனை மாதிரி பூந்துகினு வந்திருக்கியேடா!"

தாசில்தார் நல்ல மனுஷர். "இன்னும் எவனும் வரலியே. தம்பி, திரும்பிப் போய் ஒரு தரம் தாண்டிட்டு வந்துடு. நீதான் முதல்" என்றார்.

திரும்பிப் போகும்போதும் அடியிலேயே புகுந்து போனேன். மறுபடியும் சிரித்தார்கள். மைதானத்தின் அந்தக் கோடியில் இரண்டாவது ஆள் நுழைந்துவிட்டான். தாண்டுவதற்காகப் பின்னால் நகர்ந்து, நிமிர்ந்து பார்த்தேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம், கூட்டத்தில், நைனா. கையில் கஞ்சி காய்ந்து வெள்ளையாக இருந்தது. வேலையைப் போட்டுவிட்டு வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. என்னைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். பிறகு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"எகிறுடா மச்சான்! அது பாவு இல்லடா, கயிறு!" பாவாவின் தொண்டை கிழிந்தது.

பிறந்ததிலிருந்து ஓயாத கால் அப்போது நின்றது. முதுகைக் காட்டுகிறாரே, இவ்வளவு கோபமா என்று அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோளை உரசுவது போல ஒருவன் வந்தான். ஒரே எகிறு. சனம் 'ஓ'வென்று கத்தியது.

அந்தச் சத்தத்துக்கு நைனா திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. என்னைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது.

அந்தச் சிரிப்பைத் தறிக்கு ஆள் கிடைத்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை தறியில் உட்கார்ந்தேன். அந்த ஆத்திரத்தில்தான் நெய்தேன். எங்கள் தெருவில் முதல் பவர்லூம் போட்டதும் அந்த ஆத்திரத்தில்தான். பிள்ளை தாண்டுவதைக் கண்ணால் பார்த்தால்தானே அடிக்க வேண்டும், அதற்காகத்தான் முதுகைக் காட்டினார் என்பதும், தாண்டியது நான் என்று நம்பித்தான் சிரித்துக்கொண்டே திரும்பினார் என்பதும் பன்னிரண்டு வயதில் எங்கே தெரிகிறது.