அறிவிக்காமல் வந்த காற்று

"காத்து பிரிஞ்சுதா ஐயா?"

மூத்த நர்ஸ் வார்டு வாசலில் கால் வைக்கும்போதே கேட்டுவிடுவார். கட்டிலருகே வந்து மெதுவாகக் கேட்டால் என்ன குறைந்துவிடும்? இரண்டு பக்கமும் வரிசையாகக் கட்டில்கள். கட்டிலுக்கு ஒரு நோயாளி, நோயாளிக்கு ஒரு உறவு. அத்தனை தலையும் மைக்காரர் பக்கம் திரும்பும். அவரோ ஜன்னலுக்கு வெளியே நிற்கும் தண்ணீர்த் தொட்டியை ஏதோ அதிசயம் போலப் பார்த்துக்கொண்டு, "இல்லைம்மா" என்பார்.

மைக்காரர் ரயில் நிலையத்தில் மைக்கில் பேசும் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது எவ்வளவு தாமதம் என்று கூரையிலிருந்து கேட்குமே, அந்தக் குரல் இவருடையதுதான். "பயணிகள் கவனத்திற்கு" என்று ஆரம்பித்தாரானால் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் புருஷன் பெண்டாட்டிகூட வாயை மூடிக்கொண்டு மேலே பார்ப்பார்கள். மாடியில் அவருக்கு ஒரு குட்டிக் கண்ணாடி அறை. காற்று மைக்கில் அடித்துவிடக்கூடாதென்று மின்விசிறியைச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருப்பார். தொண்டையைச் செரும வேண்டுமென்றால் முதலில் சிவப்புப் பொத்தானை அணைப்பார், அப்புறம்தான் செருமல்.

அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார் மனிதர். சாப்பிட்டால் ஏப்பம் கிடையாது. விக்கல் வந்தால் மொட்டைமாடிக்குப் போய்விடுவார். மற்றதற்கெல்லாம் குளியலறைக் குழாயை முழு வேகத்தில் திறந்துவிட்டுத்தான் உட்காருவார்.

"எங்க வீட்டுக்காரருக்கு வயிறுன்னு ஒண்ணு இருக்கான்னே எனக்குச் சந்தேகம்" என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். "தண்ணி பில்லைப் பாத்தாதான் இருக்குன்னு தெரியும்."

இருந்தது. அதுவும் நன்றாகவே இருந்தது. அதை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது அவருடைய பல்செட்டு.

முன்பற்கள் சொந்தம். கடைவாய்ப் பற்கள்தான் கழற்றி மாட்டுகிறவை. அவை கொஞ்சம் தளர்ந்துபோய், பேசும்போது 'டக் டக்' என்று மைக்கில் விழுந்தன. பயணி ஒருவர் படியேறி வந்து, "சார், உள்ள கடிகாரம் ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டார். போதாதா? அன்றிலிருந்து வேலைக்கு உட்கார்ந்ததும் பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மதியச் சாப்பாடு இரண்டு வண்டிகளுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில். கழற்றியதை மறுபடி மாட்ட யாருக்கு நேரம்? ரொட்டியை ஊறவைத்து விழுங்கலாம். முட்டையும் வழுக்கிக்கொண்டு போகும். ஆரஞ்சுச் சுளைகளைத்தான் அவர் ஒன்றன்பின் ஒன்றாக அப்படியே உள்ளே அனுப்பிவைத்தார். அரைக்க வேண்டிய பற்கள் சட்டைப் பையில் சுகமாகத் தூங்கின.

வயிறு கல்லாகி, வாந்தி நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்து, அறுவை முடிந்து கண் விழித்தபோது சர்ஜன் அம்மா விஷயத்தை உடைத்துச் சொன்னார். மகள் வயது இருக்கும். பேச்சில் கண்டிப்பு மட்டும் மாமியார் அளவுக்கு.

"சாப்பாட்டை அரைக்கறது வாயோட வேலை. அதை நீங்க இரைப்பை தலையில கட்டிட்டீங்க. பாவம், அதுக்கு ஏது பல்லு? அமிலத்தை ஊத்தும், பிசையும், கூழாக்கும். அப்புறம் கடைசில இருக்கற வாசலைக் கொஞ்சம் கொஞ்சமாத் திறந்து சிறுகுடலுக்கு அனுப்பும். கல்லீரல்ல சுரக்கற பித்தமும், கணையத்தோட நீரும் அங்க வந்து கலக்கும். கொழுப்பு, மாவு எல்லாம் கரைஞ்சு ரத்தத்துல ஏறிடும். ஆனா ஆரஞ்சு நாரைக் கரைக்க இவங்க யாராலயும் முடியாது. அதைச் சின்னதாக்கறது பல்லு ஒண்ணுதான். உங்க நாரெல்லாம் சேர்ந்து உருண்டையாகி, சிறுகுடல் முடியற இடத்துல போய் அடைச்சுக்கிச்சு."

"முன்னால ஒரு வண்டி நின்னுட்டா பின்னால வர்றதெல்லாம் நிக்கணும்" என்றார் மைக்காரர் ஈனக் குரலில்.

"அதேதான். கறுத்துப்போன கொஞ்சம் குடலை வெட்டிட்டுச் சேர்த்துத் தெச்சிருக்கோம். கை பட்டா குடலுக்குக் கோவம் வந்துரும், அசையாமப் படுத்துக்கும். சிறுகுடல் சீக்கிரம் சமாதானமாயிடும். அடுத்தது இரைப்பை. பெருங்குடல்தான் ரொம்ப வீம்பு. அது அசைஞ்சு காத்து வெளிய வந்தாதான் வழி முழுக்கத் திறந்திருக்குன்னு அர்த்தம். அதுவரைக்கும் வாய்ல ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது."

மூன்றாம் நாளும் காற்று வராததால், "வரலைன்னா?" என்று மனைவி சர்ஜன் அம்மாவிடம் கேட்டாள்.

சர்ஜன் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பாப்போம். வரலைன்னா ஸ்கேன். தையல்ல ஏதாவது தகராறுன்னா மறுபடி திறக்க வேண்டி வரும்."

மறுபடி திறப்பதா! மைக்காரருக்கு அடிவயிறு கலங்கியது. அந்தக் கலக்கமும் மனதில்தான், வயிறு அசைந்தபாடில்லை. அவருக்குப் பயமாக இருந்தது. ராத்திரி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு, எந்தச் சாமியிடமும் இதுவரை யாரும் கேட்டிருக்காத ஒரு வரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் வரம் கிடைத்தது. நேரம்தான் சரியில்லை.

மனைவி, "கேன்டீன்ல சாப்பிட்டு வந்துடறேன்" என்று போயிருந்தாள். துணைக்கு மருமகள் நின்றாள். வீட்டுக்கு வந்து சில மாதங்களே ஆன புது மருமகள். மாமனார் எதிரில் செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நடக்கிற பெண். கட்டிலுக்கு இந்தப் பக்கம் குனிந்து போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

வந்தது. முன்னறிவிப்பு இல்லாமல், தடபுடலாக, நீளமாக வந்தது.

வார்டில் அத்தனை தலையும் அவர் பக்கம் திரும்பின. திறக்கக் குழாய் இல்லை, அணைக்கப் பொத்தான் இல்லை. மைக்காரர் காது வரைக்கும் சிவந்து, மூலையைப் பார்த்துச் சொன்னார்: "அந்த நாற்காலியை மாத்தச் சொல்லணும். ரொம்பக் கிறீச்சிடுது."

"ஆமா மாமா" என்றாள் மருமகள், போர்வையிலிருந்து தலையை எடுக்காமல்.

அதே நேரம் பார்த்தா நர்ஸ் வரவேண்டும்? "காத்து பிரிஞ்சுதா ஐயா?"

"இல்லைம்மா."

வாய் பழகிப்போன வார்த்தை, தானாக வந்துவிட்டது. நர்ஸ் உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விட்டார். கூப்பிட்டுத் திருத்தியிருக்கலாம். வண்டி நேரத்தில் ஒரு நிமிடம் பிசகினாலும் ஓடிப்போய்த் திருத்தம் சொல்கிற மனிதர், இந்த ஒரு திருத்தத்தை மட்டும் தொண்டையிலேயே வைத்துக்கொண்டார். மருமகள் போகட்டும், அப்புறம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று பார்த்தால், அவள் போகவே இல்லை. அடுத்த கட்டில்காரர்கள் என்ன செய்தார்கள் என்கிறீர்களா? பெரிய மனிதர் இல்லையென்கிறாரே, நமக்கெதற்கு வம்பு என்று இருந்துவிட்டார்கள்.

சாயங்காலம் சர்ஜன் அம்மா வந்தார். மனைவியும் வந்து கட்டிலோரம் நின்றாள். "இன்னும் இல்லையா?" என்று நர்ஸைப் பார்த்துக் கேட்ட சர்ஜன் அம்மாவின் முகம் இறுகியது. "சரி, ஸ்கேனுக்குச் சொல்லுங்க. ஆபரேஷன் தியேட்டரையும் தயாரா வெக்கச் சொல்லுங்க, எதுக்கும்."

தியேட்டர் என்றதும் மைக்காரர் வாயைத் திறந்தார். மருமகள் எதிரில் நின்றாள். வாயை மூடிக்கொண்டார். ஸ்கேனில்தான் தெரிந்துவிடுமே, தெரியட்டும், என்று தனக்குத்தானே சமாதானம் வேறு.

சர்ஜன் அம்மா ஸ்டெதஸ்கோப்பை அவர் வயிற்றில் வைக்கக் குனிந்தார். வைப்பதற்குள் 'கொரகொரகொர' என்று ஒரு சத்தம். "அட, சத்தம் வருதே!" என்று நிமிர்ந்தார்.

"இவர் இல்ல டாக்டர்" என்றாள் மனைவி, முந்தானையால் வயிற்றை அழுத்திக்கொண்டு. "நான்தான்."

"எப்ப சாப்பிட்டீங்க?"

பதிலாக அவள் வயிறுதான் மறுபடி 'கொர்ர்' என்றது.

"சாப்பிட்டு ரொம்ப நேரமானா குடல் தன்னைத்தானே பெருக்கி வழிச்சுவிடும், அந்தச் சத்தம்தான் இது" என்றார் சர்ஜன் அம்மா. "மதியம் சாப்பிடப் போகலையா நீங்க?"

"போனேன். இவர் பச்சைத்தண்ணி குடிக்காமக் கிடக்கும்போது எனக்கு எப்படி இறங்கும்? மாடிப்படியில உக்காந்து அழுதுட்டு வந்தேன்." சொன்னவள், எல்லோர் முன்னாலும் மறுபடி அழ ஆரம்பித்துவிட்டாள்.

அழுகைக்கு நடுவிலும் அவள் வயிறு ஊரைக் கூட்டியது. அவள் கூச்சப்படவே இல்லை. மைக்காரர் அவளைப் பார்த்தார். சே, நானும் ஒரு மனுஷனா என்று இருந்தது. முழங்கையை ஊன்றி நிமிர்ந்து, முன்னால் செருமாமலே, கூரை அதிரும் குரலில் ஆரம்பித்தார்:

"பயணிகள் கவனத்திற்கு! எதிர்பார்க்கப்பட்ட காற்று, இன்று மதியமே வந்து சேர்ந்துவிட்டது. முன்பு சொன்ன அறிவிப்பு தவறானது. தடங்கலுக்கு வருந்துகிறோம்!"

வார்டு ஓவென்று சிரித்தது. கடைசிக் கட்டில்காரர் தையல் வலிக்க வலிக்கக் கைதட்டினார்.

"நிஜமாவா?" என்றார் சர்ஜன் அம்மா, மருமகளைப் பார்த்து.

"நிஜம்தான் டாக்டர்" என்றாள் அந்தப் பெண், தரையைப் பார்த்துக்கொண்டு. "நாற்காலியில யாருமே உக்காரல. மாமா சொல்லாததை நான் எப்படிச் சொல்றதுன்னு..."

"நல்ல குடும்பம்! உங்க மரியாதையால ஆளையே கிழிச்சிருப்பேன் நான்." சர்ஜன் அம்மா ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பொறுமையாகக் கேட்டார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். மிருதுவாக இருந்தது. ஸ்கேனும் தியேட்டரும் வேண்டாமென்று சொல்லச் சொன்னார். "தண்ணி குடுக்கலாம். ஸ்பூன் ஸ்பூனா."

எல்லோரும் நகர்ந்தபின் மனைவி ஸ்பூனோடு உட்கார்ந்தாள். அவள் குரலில் கோபம்.

"ஏங்க, யார்கிட்டயும் வேண்டாம். என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொல்லியிருப்பேன். நீதான் சாப்பிடப் போயிட்டியே."

அவள் முதல் ஸ்பூன் தண்ணீரை அவர் வாயில் ஊற்றினாள். அது தொண்டையில் இறங்கி, நெஞ்சுக்குப் பின்னால் சில்லென்று ஓடி, வயிற்றில் விழுவது வரை அவருக்குத் தெரிந்தது. மருமகள் ஒரு ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து மாமியார் கையில் வைத்தாள்.

"மென்னு சாப்பிடு" என்றார் மைக்காரர்.