சீல்காரரும் சகலையும்

மணல் அள்ளும் லோடர் டிராக்டரில் பக்கெட்டைத் தூக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர் மக்கர் செய்தால் அவரிடம்தான் போக வேண்டும் என்று பத்தொன்பது வருடமாக ஊரில் பேச்சு. எந்தப் பழுதைக் கொண்டுபோனாலும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீல்களைத்தான் முதலில் மாற்றுவார். அதனால் சீல்காரர் என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. மனைவியின் தங்கையைக் கட்டிக்கொண்டவன் தொழிற்சாலை வேலையை விட்டு அடுத்த தெருவிலேயே பட்டறை போட்டபோது அவருக்கு வயிறு எரியத் தொடங்கியது.

சகலையின் பட்டறைத் தரையில் எண்ணெய்க் கறை இல்லை. ஸ்பேனர்கள் அளவு வாரியாகச் சுவரில் தொங்கின. அழுத்தம் பார்க்க மீட்டர் வேறு வைத்திருந்தான். பட்டறையா ஆஸ்பத்திரியா என்று வீட்டில் கேலி செய்தார். மனைவி சிரிக்கவில்லை. அவன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறானாம் என்றாள். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மணல், ஜல்லி விற்பவரின் லோடர்தான் வினையாக வந்தது. தூக்கிய பக்கெட் நிற்காமல் மெல்ல மெல்ல இறங்கியது. இரண்டு சிலிண்டரையும் பிரித்து சீல் மாற்றினார். அப்படியும் இறங்கியது. மறுபடி மாற்றினார், மறுபடியும் இறங்கியது. மூன்றாம் முறை வண்டி அவர் பட்டறையைத் தாண்டி, நேராகச் சகலையிடம் போயிற்று.

மதியம் ஏதோ வேலையாக வந்தவர் போல அந்தப் பக்கம் நடந்தார். அவனும் தோற்க வேண்டும், அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். வாசலிலேயே நின்றுவிட்டார். வண்டியின் இரும்புக் கைகள் மேலே தூக்கியிருந்தன. அடியில் முட்டு இல்லை. சகலை அவற்றுக்குக் கீழே குந்தி ஸ்பேனரைப் போட்டிருந்தான். போட்டது எடையைத் தாங்கிக்கொண்டிருந்த எண்ணெய்க் குழாயில், அந்த ஹோஸில். அது கழன்றால் மொத்தப் பாரமும் அவன் முதுகில்.

சீல்காரருக்கு ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. ஸ்பேனர் கால் சுற்றுத் திரும்பியது.

"தம்பி, கையை எடு! வெளியே வா!"

அவன் பதறி வெளியே வந்து, மேலே பார்த்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு இருவருமாக முட்டுக் கொடுத்தார்கள். சிலிண்டரின் மறுமுனை ஹோஸைக் கழற்றி, இன்ஜினை ஓட்டி அழுத்தம் கொடுத்தான் சகலை. சீல் கெட்டிருந்தால் அந்த முனையில் எண்ணெய் வழிந்திருக்கும், ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. சீல் நன்றாகத்தான் இருந்தது. கோளாறு, எண்ணெயைத் திறந்து அடைக்கும் கன்ட்ரோல் வால்வில். பத்தொன்பது வருடத்தில் தனக்கு இப்படிப் பார்க்கத் தோன்றவில்லையே என்று அப்போதும் சீல்காரரின் மனம் பொருமியது.

அண்ணன் வேலையில் குறையே இல்லை என்று சகலை மணல்காரரிடம் சொன்னான். தன் உயிரைக் காப்பாற்றியதை உறவு முழுக்கச் சொன்னான். மச்சினி வந்து அழுதுகொண்டே கும்பிட்டாள். சீல்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னார்.

"நான் உடனே கூப்பிடல."

அவள் கை நின்றது. மடித்த துணியை ஓரமாக வைத்தாள். "கூப்பிட்டீங்கல்ல. தங்கச்சிக்கு மட்டும் இது தெரிய வேண்டாம்."

தங்கச்சிக்கு இன்றுவரை தெரியாது. வால்வுக் கோளாறு என்று சந்தேகம் வந்தால் இப்போது அவரே வண்டியைச் சகலையிடம் அனுப்புகிறார், முகத்தைச் சுளித்துக்கொண்டே. அந்தத் தெரு வழியாகப் போனால் அவன் வாசலில் எத்தனை வண்டி நிற்கிறது என்று இன்னும் எண்ணத்தான் செய்கிறார். ஆனால் தூக்கிய இரும்புக் கைக்கு முட்டு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எண்ணுகிறார்.