எதிரெதிரே இருநூறு ஊசிகள்

மிஷினை விற்றுவிடுவது என்று என் மகன் முடிவு செய்தபோது எங்கள் இருவரையும் கேட்கவில்லை. மண்ணூரில் இருக்கும் இந்த வீடு என் பெயரில் இருக்கிறது. மிஷின் என் மனைவியுடையது. முடிவு மட்டும் அவனுடையது.

மேசைமேல் வைத்துக் கையால் தள்ளுகிற ஸ்வெட்டர் மிஷின் அது. ஒரே வரிசையில் இருநூறு கொக்கி ஊசிகள். மேலே ஓடும் கேரேஜ் என்கிற தள்ளுபெட்டியை ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தள்ளினால் ஒரு வரி துணி விழும். இந்த வெயிலில் கம்பளி நூல் யாருக்கு என்று கேட்பவர்கள் ஒரகடத்துக் கம்பெனிகளின் ஏசி ஹாலுக்குள் நின்றதில்லை. எங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கும் ஆறு பெண்கள் நிற்கிறார்கள். எல்லோரும் தென்காசிப் பக்கம். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாட்டிக்கொள்ள என் மனைவி அவர்களுக்கு உறை பின்னித் தருவாள்.

அந்த உறையின் இரண்டு முனையும் கையைக் கவ்விப் பிடிக்க வேண்டும். அதற்கு ரிப் வேண்டும்: ஒரு நூல்கண்ணி முன்பக்கம் பார்க்க, அடுத்த கண்ணி பின்பக்கம் பார்க்க, மேடும் பள்ளமுமாக இழுபடுகிற துணி. ஒற்றை வரிசை ஊசியில் அது வராது. அதனால் ஒன்று விட்டு ஒரு கண்ணியை அவிழ்த்து, கைக்கொக்கியால் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தாள். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. கைக்கொக்கியைத் தொடக்கூடாது என்றார் டாக்டர்.

"மிஷின் இருந்தா அம்மா சும்மா இருக்க மாட்டாங்க. ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சதும் ஆள் வர்றான், தூக்கிக்கினு போயிடுவான்" என்றான் மகன்.

"அம்மாவ கேட்டியா?"

"டாக்டர கேட்டேன்பா."

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திருமணமானதிலிருந்து அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "டிவி பாரும்மான்றான். இது இன்னா ஆஸ்பத்திரி வெயிட்டிங் ஹாலா?" என்றாள்.

டாக்டர் வேண்டாமென்றது கைக்கொக்கியை. மிஷினை அல்ல. இந்த வித்தியாசம் மகனுக்குப் புரியவில்லையென்றால் அது என் குற்றமில்லை.

உதிரிபாகக் கம்பெனியில் அளவு சரிபார்க்கும் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். இரண்டாவது ஊசி வரிசை இருந்தால் ரிப் தானாக விழும் என்று கணக்குப் போட்டேன். படப்பை பழைய இரும்புக் கடையில் இதே மாதிரி உடைந்த மிஷின் ஒன்று கிடைத்தது. அதை முதல் மிஷினுக்கு எதிரே, வீட்டுக் கூரையின் இரண்டு சரிவுபோல் சாய்த்து வைத்தேன். இரண்டு கேரேஜையும் ஒரு பட்டை இரும்பால் இணைத்தேன். ஊசிக்கும் ஊசிக்கும் இடைவெளி நாலரை மில்லிமீட்டர். வெர்னியரால் அளந்து, ஒவ்வொரு ஊசிக்கும் நேர் எதிரே ஓர் ஊசி நிற்கும்படி அடிச்சட்டத்தில் நான்கு துளை போட்டு போல்ட்டால் முறுக்கினேன். ஒரு நூலிழை பிசகில்லை.

கேரேஜைத் தள்ளினேன். ஊசிகள் தலையோடு தலை மோதின. ஏழு வளைந்தன. எண்ணினேன்.

"மிஷினா இது, முள்வேலி" என்றாள் மனைவி. மகன் போனில் அந்த ஆளுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

ஊசி வாங்க மறுபடியும் படப்பைக்குப் போனேன். திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் பின்பக்கம் எதிரெதிர் பலகையில் ஐந்து ஐந்து பேர். எனக்கும் எதிரே இருந்தவருக்கும் முட்டியோடு முட்டி இடித்தது. இத்தனை பேரை ஏற்றக்கூடாது என்று டிரைவரிடம் சொன்னேன்.

"பெருசு, முட்டிக்கு நேரா முட்டி வச்சா இடிக்காம இன்னா பண்ணும்? கொஞ்சம் தள்ளி சந்துல வுடு. இன்னும் ரெண்டு பேர் ஏறணும்" என்றான்.

கோபத்தோடு தள்ளி உட்கார்ந்தேன். முட்டிகள் ஒன்றின் சந்தில் ஒன்று நுழைந்துகொண்டன. யாருக்கும் இடிக்கவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே வந்தேன். இறங்க வேண்டிய இடம் போய்விட்டது.

நாலரையில் பாதி இரண்டேகால். அவ்வளவுதான் எதிர் வரிசை நகர வேண்டும். ஆனால் நான்தான் துல்லியமாகத் துளை போட்டிருந்தேனே. நான்கு துளைகளையும் அரத்தால் ராவி நீளமாக்கினேன். ஏழு ஊசி மாற்றினேன். விழும் துணியை இழுத்துப் பிடிக்க, கீழே ஒரு பையில் நட்டு போல்ட்டைக் கட்டித் தொங்கவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கடைசி ஆமென் சொன்னதும் அவள் எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தாள். மகன் அந்த ஆளோடு உள்ளே வந்தபோது இடது கையால் கேரேஜைத் தள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டு வரிசைக்கும் நடுவிலிருந்து ரிப் இறங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் மூன்று கண்ணி விட்டுப்போயிருந்தது. அதை நான் சொல்லவில்லை.

வந்தவன் சுற்றிப் பார்த்தான். "சார், ரெண்டு மிஷினும் குடுக்கறீங்களா?"

"ரெண்டும் இல்ல" என்றேன்.

"மறுபடி கை வீங்கினா?" என்றான் மகன்.

"இது இடது கை. இதுவும் வீங்கினா உங்கப்பா தள்ளுவாரு" என்றாள் அவள், கேரேஜை நிறுத்தாமல். பிறகு வந்தவனைப் பார்த்தாள். "பாவம், இவ்ளோ தூரம் வந்துட்ட. வேணும்னா டிவிய தூக்கிக்கினு போ."

அவன் உண்மையாகவே டிவியை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.