மனிதர் மிதிக்காத தீவில் ஒரு மறுகால்

ரெஜிலா திரையில் பேனாவை அழுத்தியதும் கடலுக்குள்ளிருந்து மலை எழும்பியது. கையை எடுத்தால் நின்றது, மறுபடி அழுத்தினால் வளர்ந்தது. இப்படியொரு வேலை உலகத்தில் இருக்கிறதென்று தெரியாமல் வடசேரியில் ஃப்ளெக்ஸ் அடித்து வயசை வீணாக்கிவிட்டோமே என்று அன்றைக்கும் அவளுக்குத் தோன்றியது. தோன்றாத நாள் கிடையாது.

வடசேரி பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் சபை கன்வென்ஷனுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் பேனர் செய்துகொடுத்தவள் அவள். இறந்தவர் படத்துக்குப் பின்னால் ஒரு மலையும் அருவியும் வைக்கச் சொல்வார்கள். இணையத்தில் கிடைக்கிற மலையைத் தூக்கிவைக்க அவளுக்கு மனசு வராது. தானே வரைவாள். செத்தவருக்கு எந்த மலையா இருந்தா என்ன என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். பக்கத்து நாற்காலியில் இருந்தவன் அஞ்சுகிராமத்து மகேஷ்குமார். அவன் பெங்களூருக்குப் போய் ஒரு வீடியோ கேம் நிறுவனத்தில் சேர்ந்ததும் முதல் போனை இவளுக்குத்தான் போட்டான்.

"அக்கா, இங்க மலை செய்யதுக்குன்னே ஆளு எடுக்காவ. சொன்னா நம்புவியா?"

நம்பினாள். தக்கலைக்குப் பக்கத்தில் வேளிமலை தெரிகிற தன் வீட்டிலேயே உட்கார்ந்து, சாஃப்ட்வேரை மகேஷிடம் போனில் கேட்டுக் கேட்டுப் படித்து, அதே நிறுவனத்தில் வேலையும் வாங்கிவிட்டாள். கிடைத்தது மலை இல்லை, கல். பாசி பிடித்த கல், பாசி பிடிக்காத கல், விழுந்து கிடக்கிற மரக்கட்டை. நிலத்தை வேறு யாரோ செய்வார்கள், அதன்மேல் தூவ இவள் கல் செய்து அனுப்புவாள். விளையாடுகிறவன் குதிரையில் போகிற போக்கில் திரும்பிக்கூடப் பார்க்காத கற்கள். அதையும் அவள் ஒழுங்காகத்தான் செய்தாள், ஆனாலும் மனசு நிறையாமல் இருந்தது.

இப்போதுதான் வாய்ப்பு வந்திருந்தது. புதிய விளையாட்டு ஒன்று மனிதர் கால் பட்டிராத தீவில் தொடங்குகிறது. ஆசை உள்ளவர்கள் ஆளுக்கொரு தீவு செய்து காட்டலாம். யாருடைய தீவு தேறுகிறதோ அவருக்கே விளையாட்டின் மொத்த நிலமும் பொறுப்பு. தேறாதவர்கள் பழையபடி கல் செய்யலாம். ரெஜிலாவுக்கு இனி வாழ்நாளில் ஒரு கல் செய்யவும் இஷ்டமில்லை.

அந்த வாரம் வீட்டில் ஒரு சாப்பாடும் உருப்படியாக இல்லை. மீன்குழம்பு அடிபிடித்தது, சோறு குழைந்தது. அவள் முகடுகளை இழுத்துவிட்டாள், கூரான இடத்தைத் தடவி மழுக்கினாள், பாறையைக் கீறினாள். பிறகு மழையைத் திறந்துவிட்டாள். சாஃப்ட்வேரில் அப்படி ஒரு கட்டளை உண்டு. கொடுத்தால் ஆயிரக்கணக்கான வருடத்து மழை கண்ணெதிரே பெய்து தீரும். தண்ணீர் இழை இழையாக இறங்கி, மண்ணை அரித்து, ஓடை பறித்து, அரித்த மண்ணை அடிவாரத்தில் கொண்டு கொட்டும். எத்தனை தடவை பார்த்தாலும் அவளுக்கு நெஞ்சு படபடக்கும். ஒவ்வொரு பள்ளத்தாக்கும் முடிகிற இடத்தில் தண்ணீர் சும்மா வழிந்து போவதைப் பார்க்கச் சகிக்காமல் அவள் கை தானாகப் போய் வளைவாக ஒரு மேடு இழுத்தது. தண்ணீர் அதன் பின்னால் தேங்கி வானத்தைக் காட்டியது. இப்பதான் நிலம் நிலமா இருக்கு என்று அவளுக்குத் திருப்தியாகிவிட்டது.

அவள் புருஷன் பெனிஷ் ஜேசிபி ஓட்டுகிறவன். மத்தியானம் சாப்பிட வந்தவன் கைலியெல்லாம் செம்மண்ணோடு பின்னால் வந்து நின்றான்.

"நீயும் மண்ணு மாத்துத, நானும் மண்ணு மாத்துதேன். உனக்கு மட்டும் ஃபேன்."

"பேசாம பாருங்க. எப்படி இருக்கு?"

பெனிஷ் தொழில்காரக் கண்ணோடு தீவை ஒரு சுற்றுப் பார்த்தான். "எல்லாம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஏட்டி, குளத்துக்கு மறுகால் எங்க?"

அவள் நெற்றியில் தட்டிக்கொண்டாள். குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கரைக்கு மேலே ஏறாமல் வெளியே போக ஒரு வழி வேண்டும், அதுதான் மறுகால். அது இல்லாமல் குளம் வைப்பது வாசல் இல்லாமல் வீடு கட்டுவதுபோல.

"மழை கூடிட்டுன்னா தண்ணி எங்கோட்டு போவும்? கரை பொட்டிப்போவும்லா," என்றான் பெனிஷ். எங்கெங்கே வைக்க வேண்டுமென்று விரலால் காட்டினான். அவள் ஒவ்வொரு கரையிலும் தாழ்வாக வெட்டி, மண் அரிக்காமல் இருக்கக் கல்லும் பாவினாள். கடைசி மறுகால் முடிகிறவரை அவன் கை கழுவப் போகவில்லை.

மகேஷ்குமாரும் வீடியோ அழைப்பில் தீவைப் பார்த்தான். மேலே பார்த்தான், கீழே பார்த்தான், கடலிலிருந்து பார்த்தான். "அக்கா, ஊருக்கு வந்தது மாதிரியே இருக்கு," என்றான். சொன்ன வாயோடு அதை ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. இவர்கள் மூன்று பேரையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தேர்வு நாள் வந்தது, அதுவும் வீடியோ அழைப்பில்தான். குழுவின் தலைவி இமாச்சலத்துப் பெண், அதிகம் பேசமாட்டார், பேசினால் ஆங்கிலம். அவர் ரெஜிலாவின் தீவுக்கு மேலே சாஃப்ட்வேர் கேமராவைப் பறக்கவிட்டார். முகடு பிரமாதம் என்றார். பாறை உண்மையாக இருக்கிறது என்றார். ரெஜிலாவுக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. பிறகு அவர் சூரியனைக் கீழே இறக்கினார். நிழல் நீண்டது. ஒவ்வொரு பள்ளத்தாக்கின் அடியிலும், அளந்து வைத்ததுபோல, வளைந்த ஒரு நிழல்கோடு விழுந்தது.

"இதை யார் கட்டினது?" என்று கேட்டார்.

"எதை?" என்றாள் ரெஜிலா. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"இந்தக் கரைகளை. தண்ணீர் வெளியேற வழி வேறு விட்டிருக்கிறது, அதற்குக் கல்லும் பாவியிருக்கிறது. இது மனிதரே மிதிக்காத தீவு."

மகேஷ்குமார் தன் கேமராவை அணைத்துவிட்டான். ஆண்டவர் கட்டினார் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ரெஜிலாவுக்கு ஒரு கணம் நாக்கு துடித்தது. தலைவி கோபப்படவில்லை, லேசாகச் சிரித்தார். திங்கட்கிழமை வரை நேரம் இருக்கிறது, ஆனால் இன்னொருவருடைய தீவு கிட்டத்தட்ட தேறிவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன் என்றார். அந்தக் கடைசி வாக்கியம்தான் குத்தியது.

மூஞ்சி எரிந்தது அவளுக்கு. அக்கா நானும் பாக்கல்லியே என்று மகேஷிடமிருந்து செய்தி வந்தது. அதைப் படித்ததும் சிரிப்பு வந்தது, சிரித்து முடிக்குமுன் கோபம் வந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வீட்டிலிருந்து தக்கலைக்குப் போகிற சாலை குளத்தங்கரைமேலேதான் போகிறது. ஞாயிறுதோறும் சேலை கசங்காமல் பெனிஷின் பின்னால் உட்கார்ந்து கோயிலுக்குப் போகிற வழி. பாதி தூரத்தில் அவள் வண்டியை நிறுத்தினாள்.

ஒரு பக்கம் தண்ணீர், கரையின் தலையை எட்டித் தொடுகிற மாதிரி. மறுபக்கம் வாழைத்தோட்டம், எவ்வளவோ கீழே. வேளிமலை எவ்வளவு பழசானாலும் இப்படியொரு நீள மேட்டை அதுவாகக் கொண்டுவந்து போட்டிருக்காது. யாரோ கூடையில் சுமந்து கொட்டியிருக்கிறார்கள். இது மட்டுமா, அடுத்த குளம், அதற்கடுத்த குளம், கடல்வரைக்கும் இப்படித்தான். பிறந்ததிலிருந்து அவள் பார்த்த நிலமெல்லாம் மனிதர் கைவைத்துத் திருத்திய நிலம். தனக்கு முன்னாலேயே இந்த வேலையைச் செய்துவிட்டுப் போனவர்கள் இத்தனை பேரா என்று அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பைக்கில் வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்தார். "என்னம்மா, பெட்ரோல் தீந்துபோச்சா?"

"இல்லண்ணே, குளத்தப் பாத்துட்டு நிக்கேன்."

"குளத்துல என்னத்த இருக்கு பாக்கதுக்கு?" என்று போய்விட்டார்.

அவளுக்கு அடுத்த கேள்வி வந்தது. கரை இல்லாத நிலம் எப்படி இருக்கும்? அவளுக்குத் தெரியாது. பார்த்ததில்லை, அதனால் வரையவும் முடியாது. கரைகளை வெட்டிவிட்டுத் தண்ணீரையே விட்டுப் பார்ப்பதுதான் வழி. பயமாகவும் இருந்தது, பார்க்கவேண்டும் என்று பரபரப்பாகவும் இருந்தது. ஸ்கூட்டரைத் திருப்பினாள்.

வீட்டில் பெனிஷ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னாள். "கரைய வெட்டப்போறேன்," என்றாள்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவன் கையை உதறிவிட்டு எழுந்தான். "இத்தன வருஷமா வண்டி ஓட்டுதேன். ஒரு குளத்துக் கரையில மண்ணள்ளுத பக்கெட்ட வச்சதில்ல. வைக்கச் சொன்னவன்கிட்ட வேற வண்டி பாக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"இது கம்ப்யூட்டர்லா."

"தண்ணி எங்கயும் தண்ணிதான். ஏட்டி, பழையத அழிச்சிராத. அது ஒரு பக்கமா கெடக்கட்டு."

அவன் மனசுக்காக ஒரு நகல் எடுத்து, வேண்டாம் என்று பெயர் போட்டு ஒதுக்கிவைத்தாள். பிறகு கரைமேல் பேனாவை வைத்தாள். முதல் கரை போனதும் மற்றதெல்லாம் எளிதாகிவிட்டது. மழையைத் திறந்தாள். பெனிஷ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான், ஆனால் ஒரு கண் திரையில்தான் இருந்தது.

அடைபட்டிருந்த தண்ணீர் பாய்ந்து இறங்கியது. தனித்தனி ஓடைகள் ஒன்றையொன்று தேடிப் போய்ச் சேர்ந்தன. சேர்ந்ததும் ஆறாகி, அவள் மழுக்கிவைத்திருந்த சரிவை ஆழமாகப் பிளந்து கொண்டுபோனது. சமவெளியில் வேகம் தணிந்து, மண்ணை விசிறியாக விரித்து, அதன்மேலேயே பல கிளையாகப் பிரிந்து திரிந்தது. கடலோரத்தில் மணல் வந்து ஆற்று வாயை அடைக்க, பின்னால் ஒரு பெரிய சதுப்பு தேங்கியது. ரெஜிலா நாற்காலியை விட்டு எழுந்து எவ்வளவு நேரமாயிற்றென்று அவளுக்கே தெரியாது.

"இஞ்ச வந்து பாருங்க. அதுக்கு வழி தெரிஞ்சிருக்கு பாருங்க."

பெனிஷ் வந்து பார்த்தான். "நம்ம ஊரும் முன்னாடி இப்படித்தான் கெடந்திருக்குமோ?" என்றான்.

ஆறு பிளந்த பள்ளத்தாக்கு வெறுமையாக இருந்தது. அங்கே என்ன வேண்டுமென்று அவளுக்கு உடனே தெரிந்தது. இத்தனை காலம் செய்து செய்து அலுத்த கற்களை எடுத்தாள். பாசி பிடித்ததை நிழலில் வைத்தாள், பிடிக்காததை வெயிலில் வைத்தாள், மரக்கட்டையை நீரோட்டம் வளைகிற இடத்தில் குறுக்கே கிடத்தினாள். ஒவ்வொரு கல்லும் இந்த ஆற்றுக்காகவே செய்ததுபோலப் போய் உட்கார்ந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை தலைவி கேமராவைப் பறக்கவிட்டார். சூரியனை இறக்கினார். அளந்து வைத்ததுபோன்ற நிழல்கோடு எங்கேயும் விழவில்லை. மறுபடி உயர்த்தினார், மறுபடி இறக்கினார்.

"இந்த ஆறு எங்கிருந்து வந்தது?"

"கரையை எடுத்தேன் மேடம். ஆறு அங்கேயே இருந்தது."

தலைவி ஏதோ எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்து, தீவு உன்னுடையது, விளையாட்டின் நிலமெல்லாம் இனி நீ பார்த்துக்கொள் என்றார். மகேஷ்குமார் கேமராவை மறந்து இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினான். ரெஜிலா நன்றி சொல்லிவிட்டதாக நினைத்தாள், ஆனால் அவள் மைக் அணைந்திருந்தது.

தலைவி இன்னும் முடிக்கவில்லை. விளையாட்டுக் கதையின் இரண்டாம் பாதியில் மனிதர்கள் அந்தத் தீவுக்கு வந்து தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருப்பார்கள். அதே மலை, அதே பள்ளத்தாக்கு, ஆனால் ஆட்கள் குடியிருந்த நிலமாகத் தெரியவேண்டும். அதைச் செய்ய எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டார். சில மாதமாவது வேண்டும் என்று மகேஷ்குமார் இழுக்கத் தொடங்கினான்.

ரெஜிலா மைக்கைத் திறந்தாள். வேண்டாம் என்று பெயர் போட்டு ஒதுக்கிவைத்த தீவையும் திறந்தாள். தலைவி அதன்மேல் மெதுவாகப் பறந்து, சூரியனை இறக்கினார். வளைந்த நிழல்கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன, ஒவ்வொன்றின் பின்னாலும் தண்ணீர் மின்னியது. இந்த முறை அவர் வாய்விட்டே சிரித்தார். சிரித்துக்கொண்டே பழைய கேள்வியை மாற்றாமல் கேட்டார்.

"இதை யார் கட்டினது?"

"கரை நான் கட்டினேன் மேடம்," என்றாள் ரெஜிலா. "மறுகால் எங்க வீட்டுக்காரர்."